உடன்படிக்கைக்கு ஒரு சைகை

அவளுடைய உண்மையான பெயரைச் சபையில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காது கேட்காதவர்கள் ஒருவருக்கு வைக்கும் பெயர் கையால் வைக்கிற பெயர். அது ஆளின் முகத்திலிருந்தோ நடையிலிருந்தோ வரும். சிரித்தால் அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு குழி விழும். ஆட்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகினால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். காது கேட்கிறவர்களும் நாளடைவில் அதையே வாயால் சொல்ல ஆரம்பித்து, கன்னக்குழி என்பதே அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளுக்குக் கேட்கும். அதனால் வீட்டில் கையாலும் வெளியே வாயாலும் பேசி வளர்ந்தாள். பிறகு அதையே தொழிலாகவும் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், காது கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கடத்தவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபையில் செய்வதும் அதே வேலைதான். கூலி மட்டும் கிடையாது, டீ உண்டு.

சபைக் கூடத்தில் வலது பக்கம், பெரிய ஜன்னல்களை ஒட்டிய வரிசைகள் காது கேட்காதவர்களுக்கு. அவர்களுக்கு எதிரே, வெளிச்சம் கையில் விழுகிற மாதிரி பார்த்து அவள் நிற்பாள். போதகர் ஒல்லியான மனிதர், பேச்சில் மட்டும் படுவேகம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போவார். அவர் கொஞ்சம் நின்று இருமினால்தான் கன்னக்குழியின் தோள்களுக்கு ஓய்வு.

அந்த மாதம் அவர் இஸ்ரவேலின் முற்பிதாக்களைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கடவுள் அவர்களோடு செய்த உடன்படிக்கை, அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. உடன்படிக்கை என்ற சொல் வரும்போதெல்லாம் கன்னக்குழி இடது உள்ளங்கையைக் காகிதமாக விரித்து, அதில் வலது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி காட்டி, பிறகு கை குலுக்கிக் காட்டினாள். வேலை நியமனத்துக்கும் வீட்டு வாடகைக்கும் காட்டுகிற அதே சைகை. வேறொன்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது வரிசையிலிருந்து, பட்டறை வேலையால் வெல்டர் என்றே பெயராகிப்போன காது கேட்காத இளைஞன் எழுந்து நின்று கையை ஆட்டினான். பிரசங்கத்தின் நடுவில் யாரும் எழுவதில்லை. போதகர் நின்றுவிட்டார்.

"என்னம்மா சொல்றார் தம்பி?"

வெல்டர் கையால் சொன்னதைக் கன்னக்குழி திரும்பிச் சபைக்கு வாய்விட்டுச் சொன்னாள். பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்க்கிறவளும் 'நான்' என்றே சொல்லவேண்டும் என்பது தொழில் முறை.

"நீங்க காட்டுற சைகைக்கு ஒப்பந்தம்னு அர்த்தம். எனக்கும் பட்டறையில ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டோம், கை குலுக்கினோம். அடியில ஒரு வரி இருந்துச்சு. ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் முன்கூட்டியே சொல்லிட்டு விலகிக்கலாம்னு. போன மாசம் அவங்க விலகிட்டாங்க. இப்ப நான் வீட்ல உக்காந்திருக்கேன். கடவுள் ஆபிரகாமோட போட்டாரே, அதுலயும் அந்தக் கடைசி வரி இருந்துச்சா?"

பின்வரிசையில் அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணி, மேடையருகே நிற்கிற இந்தச் சேலைக்காரிதான் வெல்டிங் வேலையைப் பறிகொடுத்துவிட்டாள் என்று நினைத்து உச்சுக்கொட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போதகர் சிரிக்கவில்லை. "இல்ல தம்பி. அந்த வரி அதுல இல்ல. நீங்க கேட்டது ரொம்ப நியாயம்." கன்னக்குழியைப் பார்த்தார். "அப்போ அந்தச் சைகை சரியில்லையேம்மா. வேற ஒண்ணு போடுங்களேன்."

"என்னால முடியாதுங்க ஐயா. மொழி அவங்களோடது. பிறந்ததுலேருந்து இருந்தாலும் நான் அதுல குடியிருக்கிறவதான். செவுத்த இடிக்கிற உரிமை எனக்கில்ல."

"அப்போ வீட்டுக்காரங்களே முடிவு பண்ணட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

ஆராதனை முடிந்து பின்கூடத்தில் டீ குடிக்கும்போது வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். காது கேட்காதவர்கள் சண்டை போட்டால் சத்தம் வராது, ஆனால் டீ கொட்டும். கையில் கோப்பை இருந்தால் பேச முடியாது, பேசவேண்டுமென்றால் கோப்பையை எங்காவது வைக்கவேண்டும். ஜன்னல் விளிம்பு, நாற்காலி, பாடல் புத்தக அலமாரி என்று கண்ட இடத்திலெல்லாம் பாதி குடித்த கோப்பைகள் நின்றன.

கல்யாண மோதிரத்தைக் காட்டலாம் என்றார் ஒருவர். மோதிரம் கழன்றுவிடும் என்றாள் வெல்டரின் மனைவி. அவளுக்கு நிறைமாதம். விரல்கள் வீங்கி, உண்மையாகவே மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். பூட்டைக் காட்டலாம் என்றார் இன்னொருவர். பூட்டென்றால் ஜெயில், உள்ளே இருப்பது கடவுளா ஆபிரகாமா என்று கேட்டு வெல்டர் அவர் வாயை, அதாவது கையை, அடைத்தான்.

அடுத்து கன்னக்குழியின் அப்பா முன்னால் வந்தார். அவருக்குச் சபை வைத்த பெயர் மீசை. மீசையை எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது, பெயரைத்தான் மழிக்க முடியவில்லை. ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர் அவர்.

"பசையைக் காட்டுங்க," என்றார், இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி ஒட்டிக் காட்டி. "நான் ஒட்டின புத்தகத்தைப் பிரிக்கணும்னா கிழிக்கத்தான் முடியும்."

பலருக்கு அது பிடித்திருந்தது. வெல்டரின் மனைவி மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, பசையில ஒட்டிக்கிட்டா விட்டுப்போக நினைச்சாலும் போக முடியாது. அவர் நம்மகூட இருக்கிறது அதனாலயா? போக முடியாததாலயா?"

மீசை ஒட்டிய கைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிஸ்கெட் தட்டின் பக்கம் போனார். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவள். கூட்டத்தில் பேசுகிற பழக்கமில்லை. பிஸ்கெட்டை டீயில் நனைத்து, உடையும் முன் வாயில் போட்டுக்கொண்டு, நடப்பதை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. கன்னக்குழி போதகரின் அறைக்குப் போனாள். சைகையை அவள் உண்டாக்கக்கூடாது, சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கவாவது அவளுக்குத் தெரிய வேண்டுமே.

போதகர் மேசைமேல் பாதி கடித்த பன்னை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஆபிரகாமுக்கு வயசாயிடுச்சு. பிள்ளை இல்ல. கடவுள் அவரை வெளிய கூட்டிட்டுப் போய் வானத்தைக் காட்டி, அந்த நட்சத்திரம் மாதிரி உன் சந்ததி இருக்கும்னார். நம்பினார். இருந்தாலும் மனுஷன்தானே? எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டுட்டார். அந்தக் காலத்துல ரெண்டு பேர் வாக்குக் குடுத்தா, மிருகங்களை ரெண்டா வெட்டி எதிரும் புதிருமா வைப்பாங்க. ரெண்டு பேரும் நடுவுல நடந்து போவாங்க. நான் வாக்கு மாறினா எனக்கும் இந்தக் கதிதான்னு அர்த்தம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும் நடக்கணும். ஆபிரகாம் எல்லாத்தையும் வெட்டி வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தார். பறவைங்க கொத்த வருது, விரட்டிக்கிட்டே இருக்கார். பொழுது சாயுது. அப்போ என்ன ஆச்சு தெரியுமா? தூங்கிட்டார்."

"தூங்கிட்டாரா?"

"சும்மா தூக்கமில்ல, அசந்து போற தூக்கம். அவர் படுத்திருக்கும்போது, புகையற சூளையும் எரியற தீப்பந்தமும் அந்தத் துண்டுங்களுக்கு நடுவுல கடந்து போச்சு. அந்த நெருப்பா கடவுள் மட்டும் நடந்தார். ஆபிரகாமை நடக்கச் சொல்லவே இல்ல."

கன்னக்குழி தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அப்போ அவர் பக்கத்துக் கையெழுத்து?"

"இல்ல. அதான் அந்தக் கடைசி வரியும் இல்ல." போதகர் பன்னை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் வந்தவங்களைப் பாருங்க. ஈசாக்கு பயந்துபோய் பெண்டாட்டியைத் தங்கச்சின்னு சொன்னார். யாக்கோபு சொந்த அப்பாவையே ஏமாத்தினார். ஓடிப்போய்க் கல்லுல தலை வெச்சுப் படுத்தவர்கிட்ட கடவுள் வந்து, உன்னைத் திட்டணும்னு வந்தேன்னா சொன்னார்? உன்கூடவே இருக்கேன், போற இடமெல்லாம் காப்பாத்தறேன்னார். அந்த ஆளும் அப்போ தூங்கிக்கிட்டுத்தான் இருந்தார்!"

அவள் சிரித்துவிட்டாள். கன்னத்தில் குழி விழுந்தது. "எங்க வீட்ல யாருக்கும் அப்படித் தூங்கக் குடுத்துவைக்கல ஐயா. எனக்குக் கண்டிப்பா இல்ல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அந்தப் பேச்சு மனதில் கிடந்து உறுத்தியது. நாற்காலிமேல் ஏறி நின்றால்தான் வங்கி ஜன்னல் எட்டும் என்ற வயதிலேயே அவள் அப்பாவுக்காக வங்கியில் பேசியிருக்கிறாள். வீட்டு உரிமையாளர் அம்மாவைப் பார்த்துக் கத்தியபோது அந்தக் கத்தலைப் பாதியாகக் குறைத்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் நுரையீரலில் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை, அர்த்தம் புரியாமலே விரல்விட்டு எழுத்து எழுத்தாகக் காட்டியதும் அவள்தான். நல்லவேளை, அது ஒன்றுமில்லாமல் போயிற்று. கூடப் படித்தவர்கள் விளையாடப் போன மாலைகளில் அவள் அப்பாவோடு மின்சார அலுவலகத்து வரிசையில் நின்றாள். கோபம் என்று சொல்ல முடியாது. பெற்றவர்கள்மேல் அவளுக்கு உயிர். ஆனாலும் இந்த வீட்டைத் தாங்கிப்பிடித்த தூண் நான்தான் என்ற ஒரு நினைப்பு, கொஞ்சம் பெருமையும் நிறைய அலுப்புமாக, அவளுக்குள் குடிகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வெல்டரிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, வலி வந்திருச்சு. வாங்க.'

பிரசவ அறையில் அவள் வேலை நாள் முழுக்க நீண்டது. மூச்சை இழு, விடு, இன்னும் கொஞ்சம் என்று நர்ஸ் சொல்வதையெல்லாம் கட்டிலின் தலைமாட்டில் நின்று கையால் சொன்னாள். வெல்டரின் மனைவி வலியில் கண்ணை மூடிக்கொண்டால் யார் சொல்வதும் அவளுக்குப் போய்ச்சேராது. அப்போதெல்லாம் தோளைத் தொட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லவேண்டியிருந்தது. பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது போட்ட கூச்சலில் அறையிலிருந்த நர்ஸுகள் எல்லாரும் சிரித்தார்கள். பெற்றவர்கள் இருவரும் குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தார்கள். அது எவ்வளவு பெரிய கூச்சல் என்று வெல்டர் கேட்டான். "தெரு முனை வரைக்கும்," என்றாள் கன்னக்குழி. அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

மறுநாள் பரிசோதனையில் குழந்தைக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று தெரிந்தது. தலைமை நர்ஸ் வந்தார். பருமனான, கனிவான பெண்மணி. கேட்கக்கூடாததைக் கேட்கப் போகிறோமே என்ற தயக்கம் அவர் குரலில் இருந்தது.

"இவங்க ரெண்டு பேருக்கும் கேக்காதே. ராத்திரி குழந்தை அழுதா எப்படித் தெரியும்? வீட்ல காது கேக்கிறவங்க யாராவது கூட இருக்கணுமே. அதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். நான் பொறுப்புள்ள ஆளு, கேக்காம அனுப்ப முடியாது."

கன்னக்குழி அதை அப்படியே கையால் சொன்னாள். வெல்டரின் முகம் வாடியது. வேலையும் போய், இப்போது இதுவுமா என்று அவன் எதுவும் சொல்லாமலேயே தெரிந்தது. அதிர்கிற கருவி ஒன்று விற்கிறது, தலையணைக்கு அடியில் வைத்தால் குழந்தை அழும்போது எழுப்பும், ஆனால் அதை வாங்க இப்போதைக்கு வழியில்லை என்றான். அவன் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நான் தூங்கவே மாட்டேன்னு சொல்லுங்க அக்கா," என்று ஒற்றைக் கையால் சொன்னாள். அழுதாள்.

'கொஞ்ச நாள் நானே வந்து தங்கறேன்' என்று சொல்லக் கன்னக்குழியின் கை பாதி எழுந்துவிட்டது. பழக்க தோஷம். உடனே, தன்னை வளர்த்த இரண்டு பேருக்கும் காது கேட்காதே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் அவள் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அம்மா "வரேன்" என்று மட்டும் காட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

பேருந்து பிடித்து, மூச்சிரைக்க, தோளில் பையோடு வந்து சேர்ந்தாள் அம்மா. பின்னாலேயே மீசை. நர்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அம்மா பையிலிருந்து ஒரு பருத்தி நாடாச் சுருளை எடுத்தாள். பாவாடைக்கும் தலையணை உறைக்கும் வைத்துத் தைக்கிற அகலமான, மெத்தென்ற நாடா. கட்டிலோரம் உட்கார்ந்து, அதன் ஒரு நுனியைக் குழந்தையின் கணுக்காலில் தளர்வாகச் சுற்றி முடிந்தாள். தன் இரண்டு விரலை உள்ளே நுழைத்துப் பார்த்து, இவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்று தாய்க்குக் காட்டினாள். மறுநுனியை வெல்டரின் மனைவியின் மணிக்கட்டில் கட்டினாள்.

"கண்ணை மூடு," என்றாள்.

அவள் மூடிக்கொண்டாள். அறையில் எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். குழந்தை கொஞ்ச நேரம் ராணி மாதிரி கிடந்தது. பிறகு என்ன தோன்றியதோ, முகத்தைச் சுளித்து, வீல் என்று கத்திக் காலை உதைத்தது. நாடா இழுத்தது. தாயின் மணிக்கட்டு அசைந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அழற குழந்தை உதைக்காம அழாது," என்றாள் அம்மா. "கால்ல மட்டும்தான் கட்டணும். நாடா குட்டையா இருக்கணும். குழந்தை உனக்குப் பக்கத்துத் தொட்டில்ல, கை எட்டற தூரத்துல. மத்த எங்கயும் சுத்திக்கக் கூடாது, அதைப் படுக்கும்போதெல்லாம் பார்த்துக்கோ."

கன்னக்குழி சொன்னதைக் கேட்டுத் தலைமை நர்ஸ் முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்தார், நாடாவின் நீளத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். "இதை எங்க கத்துக்கிட்டாங்களாம்?"

கன்னக்குழி அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. தன் கேள்வியாகக் கேட்டாள். "அம்மா, எனக்கு இப்படிக் கட்டினியா?"

"பின்ன? வேற எப்படி வளர்த்தேன்னு நினைச்ச?" அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ நடந்து வந்து என் மூக்கைப் பிடிச்சு இழுக்கக் கத்துக்கிற வரைக்கும் கட்டினேன். தினமும்."

மீசை குறுக்கே வந்தார். "நானும் கட்டிக்கிட்டேன்."

"ஒரே ஒரு நாள்," என்றாள் அம்மா. "தூக்கக் கலக்கத்துல தன் கையில கட்டறதுக்குப் பதிலாக் கட்டில் கால்ல கட்டிட்டார். நீ கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஜன்னல்ல டார்ச் அடிச்சுத்தான் எங்களை எழுப்பினார். அன்னையோட உங்கப்பாவை வேலையை விட்டு நிறுத்திட்டேன்."

வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கன்னக்குழியால் சிரிக்க முடியவில்லை.

"ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"பீத்துணி அலசினதையும்தான் சொல்லல. அதுல சொல்ல என்ன இருக்கு?" அம்மா நாடாவின் மிச்சத்தைச் சுருட்டினாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி நிறுத்தினாள். "ஒரு கஷ்டம்தான் இருந்துச்சு. நீ அழுதா எனக்குத் தெரிஞ்சுடும். அசையாம நல்லாத் தூங்கினா பயமா இருக்கும். நாடா இழுக்கவே இல்லையேன்னு நானே எழுந்து உன் நெஞ்சுல கைவெச்சுப் பார்ப்பேன். உனக்கு எதுவும் தெரியாது. நீ பாட்டுக்குத் தூங்குவ."

கன்னக்குழி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே சக்கர நாற்காலிகள் மடித்து வைக்கப்பட்டிருந்த சுவரோரம் நின்று நன்றாக அழுதாள். துக்கமில்லை. வங்கி ஜன்னலை எட்டுவதற்கு எவ்வளவோ முன்னால், ஒரு சொல்லும் தெரியாத காலத்திலேயே, அவளை ஒருத்தி தன் கையோடு கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். பகலெல்லாம் காஜா எடுத்துவிட்டு வந்த கை. இவள் தூண் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்தத் தூணை நிறுத்தி வைத்தது யார்? 'எங்க வீட்ல யாருக்கும் அப்படித் தூங்கக் குடுத்துவைக்கல' என்று போதகரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! குடுத்துத்தான் வைத்திருந்தது. ஆபிரகாம் மாதிரியே தூங்கியிருக்கிறாள். ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்குமேல் ஜெபமாக அவளுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை அவ்வளவு நிறைவாக அவள் அதற்குமுன் சொன்னதில்லை.

திரும்பி வந்து, வெள்ளை நாடாவோடு படுத்திருந்த அந்தப் பெண்ணிடமும், வெல்டரிடமும், அம்மா அப்பாவிடமும், புதன்கிழமை போதகர் சொன்ன கதையைச் சொன்னாள். வெட்டி வைத்த துண்டுகள், விரட்டிய பறவைகள், அசந்து தூங்கிய கிழவர், தனியாக நடந்துபோன நெருப்பு. நான்கு பேரும் கண் கொட்டாமல் அவள் கையைப் பார்த்தார்கள். முடித்தபோது வெல்டரின் மனைவி தன் மணிக்கட்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் குழந்தையோடு சபைக்கு வந்தார்கள். அன்றைக்குப் போதகர் யாக்கோபையும் தாண்டி, எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்த அவர் வம்சத்தாரிடம் வந்திருந்தார். செங்கல் சுமந்து முதுகு ஒடிந்தவர்கள், முற்பிதாக்களின் முகம்கூடத் தெரியாதவர்கள், வலியில் கதறினார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெளிவில்லை. "ஆனா கடவுள் கேட்டார். ஆபிரகாமோடயும் ஈசாக்கோடயும் யாக்கோபோடயும் தான் பண்ணின உடன்படிக்கையை நினைச்சார்."

கன்னக்குழியின் கை அந்தச் சொல்லில் வந்து நின்றது. இடது உள்ளங்கை பழக்கத்தில் காகிதமாக விரியப் பார்த்தது. அவள் அதை மடக்கிக்கொண்டாள். போதகர் கவனித்துப் பேச்சை நிறுத்தினார்.

இரண்டாவது வரிசையில் வெல்டரின் மனைவி குழந்தையைக் கணவன் மடியில் கொடுத்துவிட்டு எழுந்தாள். வலது கையின் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் இடது மணிக்கட்டை வளையமாகப் பிடித்தாள். பிறகு அந்த வலது கையைக் கண்ணுக்குத் தெரியாத நாடாவோடு கீழே இறக்கி, தூங்குகிற குழந்தையின் கால் உயரத்தில், சின்னதாக மடித்து நிறுத்தினாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

நாடாவின் கதை அதற்குள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் மணிக்கட்டைப் பிடித்து, நாடாவை இறக்கி, செய்து பார்த்தார்கள். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை, பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மீசை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, இது எங்கள் வீட்டுச் சரக்கு என்பதுபோல் இரு பக்கமும் பார்த்தார்.

கன்னக்குழி அந்தச் சைகையைக் கையில் எடுத்தாள். மணிக்கட்டை மேலே பிடித்தாள், கடவுளுடைய கை. நாடாவை இறக்கினாள், ஆபிரகாம். மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்க, கீழே இருந்த கை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது, ஈசாக்கு. இன்னும் நகர்ந்தது, யாக்கோபு. தள்ளித் தள்ளி, கை நீள்கிற அளவுக்குப் போய், எகிப்தில் முதுகு ஒடிந்தவர்கள்வரை போய் நின்றது. அங்கிருந்து அவர்கள் கதறினார்கள், நாடாவை இழுத்தாள். மேலே மணிக்கட்டு அசைந்தது.

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே கையைத் தூக்கினான். "அப்போ கடவுளும் தூங்குவாரா?"

பதில் சொல்லப் போதகர் வாயைத் திறப்பதற்குள் மீசை முந்திக்கொண்டார். "தூங்க மாட்டார். எங்க வீட்டம்மாவுக்கும் அவருக்கும் அந்த ஒரு வித்தியாசம் உண்டு."

கன்னக்குழி அதை வாய்விட்டுச் சொன்னதும் கூடமே அதிர்ந்தது. போதகர் சிரித்து ஓய்ந்தபின், புத்தகத்தை மூடிவிட்டு, "இதுக்கு மேல நான் பேசினா கெடுத்துடுவேன். நன்றி சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாம்," என்றார். நன்றிப் பாட்டுப் பாடினார்கள். காது கேட்கிறவர்கள் வாயாலும் மற்றவர்கள் கையாலும்.

வெல்டருக்கு அதே மாதம் வேறொரு பட்டறையில், இரும்புக் கதவுகள் செய்கிற இடத்தில், வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று கையெழுத்துப் போடும்போது கடைசி வரியைத் தேடிப் படித்ததாகவும், வழக்கம்போல அது அங்கே இருந்ததாகவும், ஆனால் இந்தமுறை பயப்படாமல் கையெழுத்துப் போட்டதாகவும் கன்னக்குழியிடம் சொன்னான். அந்தச் சைகை வேறு சபைகளுக்கும் போனதாகக் கேள்வி. எங்கிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சைகை பிறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கன்னக்குழியும் அம்மாவும் மீசையும் ஒன்றாகவே பேருந்து ஏறினார்கள். மத்தியான வெயில், கூட்டமில்லாத வண்டி. இரண்டு நிறுத்தம் போவதற்குள் அம்மா கண் அசந்து கன்னக்குழியின் தோளில் சாய்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. காஜா எடுத்து எடுத்துத் தேய்ந்த விரல்கள் மகளின் மடியில் கிடந்தன. கன்னக்குழி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கவேண்டிய இடம் வந்தது. எதிர் இருக்கையிலிருந்த மீசை எழுந்து, 'எழுப்பு' என்று காட்டினார்.

அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் வெளியே கைகாட்டினார், கதவு திறந்தது, மூடியது, வண்டி நகர்ந்தது. நடத்துநர் வந்து இனிக் கடைசி நிறுத்தம்தான், கூடுதல் டிக்கெட் வேணும் என்றார்.

"குடுங்க, மூணு," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.